எண்ணெயும் தண்ணீரும் ஏன் சேருவதில்லை? தென்னைக் கயிறு சொல்லும் பதில்!

‘வேப்பெண்ணெய் தெளித்தேன். பாதிச் செடிகளில் பூச்சி அப்படியே இருக்கிறது. மீதிச் செடிகளில் இலை கருகிவிட்டது. எண்ணெயில் கலப்படமா?’ இயற்கை வழிக்குத் திரும்பும் விவசாயிகள் பலர் கேட்கிற கேள்வி இது. கலப்படம் இருக்கலாம்தான். ஆனால், சுத்தமான செக்கு எண்ணெயிலும் இதே கோளாறு வரும். எண்ணெயைக் குறைசொல்லும் முன்பு, எண்ணெயும் தண்ணீரும் எதனால் ஆனவை, அவற்றின் வடிவம் என்ன என்று பார்த்துவிட்டால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

உடுமலைப்பேட்டை பக்கம் 40 சென்ட் நிலத்தில் கத்திரி வைத்திருந்த ஒரு பெண் விவசாயிக்கும் இதுதான் நடந்தது. நகையை அடகு வைத்து நாற்று, சொட்டுநீர்க் குழாய் எல்லாம் வாங்கிப் போட்ட பயிர் அது. முதல் பறிப்புக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போது அசுவினியும் வெள்ளை ஈயும் ஏறின. 10 லிட்டர் டேங்க்கில் தண்ணீரை நிரப்பி, 300 மில்லி வேப்பெண்ணெயை ஊற்றி, ஒரு குச்சியால் கலக்கிவிட்டு, தோளில் மாட்டிக்கொண்டு தெளித்தார். மூன்றாம் நாள் பார்த்தால், தோட்டத்தில் சில வரிசைகள் மட்டும் நெருப்பு பட்டதுபோல் காய்ந்திருந்தன. மற்ற வரிசைகளில் இலையைத் திருப்பினால் அசுவினி மொய்த்துக்கொண்டிருந்தது.

“இதுக்குத்தான் நான் சொன்னேன். அந்தக் காலத்துல பி.எச்.சி. பவுடர் தட்டுவோம். ஒரு பூச்சி நிக்காது” என்றார் அவருடைய மாமனார். பக்கத்துத் தோட்டத்துக்காரரும் கடை மருந்துக்கு மாறச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கும் அது சரியென்றே பட்டது.

பிளஸ் ஒன் படிக்கும் மகள்தான் தோட்டத்தைச் சுற்றிவந்து ஒன்றைக் கவனித்தாள். கருகல் கண்ட இடத்தில் இல்லை. கணக்காக, குறிப்பிட்ட இடைவெளியில் இருந்தது.

“ஏம்மா, ஒரு டேங்க் எத்தனை வரிசைக்கு வந்துச்சு?”

“ஆறு வரிசைக்கு வரும் கண்ணு. எதுக்குக் கேக்கற?”

“கருகுனது எல்லாமே ஆறாவது வரிசை. நீங்களே வந்து எண்ணிப் பாருங்க.”

எண்ணிப் பார்த்தார்கள். ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு... ஒவ்வொரு டேங்க்கும் முடிந்த இடத்தில்தான் செடி கருகியிருந்தது. தெளிப்பானில் மருந்தை உறிஞ்சும் குழாய் டேங்க்கின் அடியில் இருக்கிறது. எண்ணெய் மேலே மிதக்கிறது. முதல் ஐந்து வரிசைகளுக்குப் போனது ஏறக்குறைய வெறும் தண்ணீர். அடித்தண்ணீர் தீர்ந்து, மிதந்துகொண்டிருந்த எண்ணெய் குழாய்க்கு இறங்கியபோது, கடைசி வரிசைக்கு மட்டும் பச்சை எண்ணெய் போயிருக்கிறது. 300 மில்லியும் ஒரே வரிசையின் தலையில்!

குச்சியால் கலக்கியது ஏன் நிற்கவில்லை? அங்கிருந்துதான் விஷயம் தொடங்குகிறது.

எடை வேறு, சேர்க்கை வேறு!

‘எண்ணெய் லேசானது, அதனால் மிதக்கிறது’ என்று எல்லோரும் சொல்வோம். மிதப்பதற்கு அது காரணம்தான். கலக்காமல் இருப்பதற்கு அது காரணம் இல்லை. மருத்துவமனையில் ஊசி போடும் முன் தடவுகிற ஸ்பிரிட்டும் தண்ணீரைவிட லேசானதுதான். அதைத் தண்ணீரில் ஊற்றினால் மிதப்பதில்லை. ஊற்றிய உடனே கலந்துவிடுகிறது. கார்பன் டெட்ரா குளோரைடு என்றொரு திரவம் இருக்கிறது. தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமானது. தண்ணீரில் ஊற்றினால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்; கலக்காது.

ஆக, மேலே இருப்பதா, கீழே இருப்பதா என்பதை எடை முடிவு செய்கிறது. சேருவதா, பிரிவதா என்பதை முடிவு செய்வது வேறொன்று. அதற்குப் பள்ளிப் புத்தகத்தில் இருக்கும் பெயர், முனைவுத் தன்மை. காந்தத்துக்கு இரண்டு முனைகள் இருப்பதுபோல, சில மூலக்கூறுகளுக்கு ஒரு பக்கம் கொஞ்சம் எதிர் மின்சுமையும், மறுபக்கம் கொஞ்சம் நேர் மின்சுமையும் இருக்கும். அவை முனைவுள்ளவை. அப்படி இரண்டு பக்கம் என்று பிரித்துச் சொல்ல முடியாதவை, முனைவற்றவை. முனைவுள்ளது முனைவுள்ளதோடு சேரும். முனைவற்றது முனைவற்றதோடு சேரும்.

ஒரு மூலக்கூறுக்கு முனைவு எப்படி வருகிறது? இரண்டு விஷயங்கள் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன. ஒன்று, அணுக்களுக்கு இடையில் நடக்கும் இழுபறி. இன்னொன்று, அந்த மூலக்கூறின் வடிவம்.

அணுக்களுக்குள் இழுபறி!

இரண்டு அணுக்கள் பிணையும்போது எலெக்ட்ரான்களைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. எல்லாப் பங்காளிகளும் சமமாகப் பிரித்துக்கொள்வதில்லை அல்லவா? அணுக்களும் அப்படித்தான். சில அணுக்களுக்கு எலெக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் வலு அதிகம். அமெரிக்க வேதியியல் அறிஞர் லைனஸ் பாலிங், 1932-ம் ஆண்டில் இந்த வலுவுக்கு ஓர் அளவுகோல் கொடுத்தார். இன்றைய கணக்கில் ஹைட்ரஜனுக்கு 2.2, கார்பனுக்கு 2.55, நைட்ரஜனுக்கு 3.04, குளோரினுக்கு 3.16, ஆக்சிஜனுக்கு 3.44.

பிணைந்த இரண்டு அணுக்களுக்கும் இந்த எண் ஒன்றாக இருந்தால், இழுபறி சமம். வித்தியாசம் அதிகமானால், வலுவான அணுவின் பக்கம் எலெக்ட்ரான் சாயும். ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் பிணைந்தால் வித்தியாசம் 1.24. அங்கே ஆக்சிஜன் பக்கம் எதிர் மின்சுமை சேர்கிறது. ஹைட்ரஜன் பக்கம் நேர் மின்சுமை மிஞ்சுகிறது. கார்பனும் ஹைட்ரஜனும் பிணைந்தால் வித்தியாசம் 0.35 மட்டும். அங்கே சண்டையே இல்லை என்று சொல்லலாம்.

இவ்வளவும் ஒரு பிணைப்பின் கதை. ஒரு மூலக்கூறில் பல பிணைப்புகள் இருக்குமே, அவை எல்லாம் சேர்ந்து என்ன ஆகும்? அந்தப் பிளஸ் ஒன் மாணவிக்கும் புத்தகத்தில் இந்த இடம்தான் பிடிபடவில்லை. இரண்டு அம்புக்குறிகள் போட்டு, ஒன்றில் ‘பூஜ்யம்’ என்றும், இன்னொன்றில் ‘பூஜ்யம் அல்ல’ என்றும் எழுதியிருந்தது. அந்தப் படத்தை எட்டிப் பார்த்த தாத்தாதான் சட்டென்று சொன்னார்.

“ஏம்மிணி, இது மரம் சாய்க்கற கயிறு மாதிரியல்ல இருக்குது?”

“என்னங்க அப்பாரு சொல்றீங்க?”

“போன மாசம் கூன்வண்டு விழுந்த தென்னைய வெட்டுனமே, மறந்துட்டயா? மேல ரெண்டு கயிறு கட்டி, ஆளுக்கு ஒரு பக்கம் சாய்வா நின்னு இழுத்தாங்க. மரம் ரெண்டு பேருக்கும் நடுவுல விழுந்துச்சு. நேருக்கு நேரா நின்னு இழுத்திருந்தா மரம் அசைஞ்சிருக்குமா?”

அசைந்திருக்காது. முனைவுத் தன்மையின் சூட்சுமம் அவ்வளவுதான். இரண்டு பேரும் அதே பலத்தோடு இழுக்கலாம். ஆனால், எதிரெதிராக நின்றால் ஒருவர் இழுப்பதை மற்றவர் இழுப்பது அடித்துவிடும். கோணலாக நின்றால் இரண்டு இழுப்பும் சேர்ந்து ஒரு திசைக்கு வேலை செய்யும். இழுக்கும் பலம் மட்டும் போதாது, நிற்கும் கோணமும் வேண்டும்.

நேராக நின்ற கரியமில வாயு, வளைந்து நின்ற தண்ணீர்!

கரியமில வாயு எனும் கார்பன் டை ஆக்ஸைடில் நடுவில் ஒரு கார்பன். இரண்டு பக்கமும் ஓர் ஆக்சிஜன். இரண்டு ஆக்சிஜனும் கார்பனிடமிருந்து எலெக்ட்ரானை வலுவாகவே இழுக்கின்றன. ஆனால், மூன்று அணுக்களும் ஒரே நேர்கோட்டில், 180 டிகிரியில் நிற்கின்றன. எதிரெதிரே கட்டிய இரண்டு கயிறுகள்! இழுப்பு அடிபட்டுப்போகிறது. பிணைப்பில் முனைவு உண்டு. மூலக்கூறுக்கு முனைவு இல்லை.

தண்ணீரிலும் மூன்று அணுக்கள்தான். நடுவில் ஆக்சிஜன், இரண்டு பக்கமும் ஹைட்ரஜன். இங்கே இழுப்பவர் நடுவில் இருக்கிறார். ஆனால், இது நேர்கோடு இல்லை, 104.5 டிகிரி கோணத்தில் வளைந்து நிற்கிறது. ஆக்சிஜனிடம் எந்தப் பிணைப்பிலும் சேராத இரண்டு ஜோடி எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. அவை இடத்தைப் பிடித்துக்கொண்டு, இரண்டு ஹைட்ரஜனையும் ஒரு பக்கமாகத் தள்ளிவிடுகின்றன. எலெக்ட்ரான் ஜோடிகள் ஒன்றையொன்று தள்ளுவதுதான் மூலக்கூறின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்பதை, ரொனால்ட் கில்லெஸ்பி, ரொனால்ட் நைஹோம் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1957-ம் ஆண்டில் விளக்கமாக எழுதினார்கள்.

வளைந்து நிற்பதால் இரண்டு இழுப்பும் அடிபடவில்லை. தண்ணீரின் ஆக்சிஜன் பக்கம் எதிர், ஹைட்ரஜன் பக்கம் நேர் என்று இரண்டு முனைகள் உண்டாகிவிட்டன. ஒரு மூலக்கூறின் நேர் பக்கம், அடுத்த மூலக்கூறின் எதிர் பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. இப்படிக் கைகோத்து நிற்பதால்தான் தண்ணீர் 100 டிகிரி வரைக்கும் ஆவியாகிப் பறக்காமல் தாக்குப்பிடிக்கிறது. முனைவில் குறைந்த அதன் உறவுக்காரர் ஹைட்ரஜன் சல்ஃபைடு, தண்ணீரைவிடக் கனமான மூலக்கூறாக இருந்தும், பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. தண்ணீர் மட்டும் கரியமில வாயுபோல நேராக நின்றிருந்தால், கிணறும் இல்லை, வாய்க்காலும் இல்லை.

மூலக்கூறின் முனைவை அளக்க ஓர் அலகு இருக்கிறது. டச்சு விஞ்ஞானி பீட்டர் டிபை பெயரால் அதை ‘டிபை’ என்றே சொல்கிறார்கள். 1936-ம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. தண்ணீருக்கு 1.85 டிபை. கரியமில வாயுவுக்குப் பூஜ்யம்.

தொழுவத்திலும் வயலிலும் இதே கணக்கு!

விவசாயிக்குப் பழக்கமான மற்ற பொருள்களையும் இந்தக் கயிற்றுக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம்.

மாட்டுத் தொழுவத்தில் மூக்கைத் துளைக்கும் அமோனியாவில், ஒரு நைட்ரஜனைச் சுற்றி மூன்று ஹைட்ரஜன்கள். தட்டையாக இல்லை, மூன்று கால் முக்காலிபோல, நைட்ரஜன் மேலே கூம்பி நிற்கிறது. மூன்று இழுப்பும் மேல்நோக்கியே சேர்வதால் முனைவு உண்டு, 1.47 டிபை. அதனால்தான் அமோனியா தண்ணீரைக் கண்டால் விடாது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் 500 கிராமுக்கு மேல் அமோனியாவைக் குடித்துவிடும். அதே தண்ணீரில் கரியமில வாயு கரைவது ஏறக்குறைய 1.7 கிராம்தான். சோடா பாட்டிலில் அழுத்தி அடைத்து வைத்திருப்பதால் அதிகம் இருக்கிறது. மூடியைத் திறந்தவுடன் புஸ்ஸென்று வெளியேறிவிடுகிறது.

யூரியாவுக்கு முனைவு இன்னும் அதிகம். ஒரு பக்கம் ஆக்சிஜன் எலெக்ட்ரானை இழுக்கிறது. எதிர்ப்பக்கம் இரண்டு நைட்ரஜன் கைகளில் ஹைட்ரஜன்கள் தொங்குகின்றன. அடிபட வழியே இல்லாத வடிவம். ஒரு லிட்டர் தண்ணீரில் 1 கிலோவுக்கு மேல் யூரியா கரையும். யூரியாவை வாளியில் கரைக்கும்போது வாளி ஜில்லென்று ஆவதைக் கவனித்திருப்பீர்கள். யூரியா கரைவதற்குத் தேவையான வெப்பத்தைத் தண்ணீரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

நெல் வயல் சேற்றை மிதித்தால் குமிழி குமிழியாக வருவதும், சாண எரிவாயுக் கலனில் எரிவதும் மீத்தேன். ஒரு கார்பனைச் சுற்றி நான்கு ஹைட்ரஜன்கள், 109.5 டிகிரி இடைவெளியில், நாலா பக்கமும் சமமாக நிற்கின்றன. பந்தக்காலை நான்கு பக்கமும் இழுத்துக் கட்டுவோமே, அதுபோல. கால் எந்தப் பக்கமும் சாயாது. மீத்தேனுக்கு முனைவு பூஜ்யம். அதனால்தான் அது தண்ணீரில் தங்காமல் குமிழியாக மேலேறி வருகிறது.

மேலே சொன்ன கார்பன் டெட்ரா குளோரைடும் அதே பந்தக்கால்தான். நான்கு ஹைட்ரஜனுக்குப் பதில் நான்கு குளோரின்கள். குளோரின் பலசாலி. ஒவ்வொரு பிணைப்பிலும் இழுபறி உண்டு. ஆனாலும், நான்கு பக்கமும் சமமாக இழுப்பதால் முனைவு பூஜ்யம். அதில் ஒரு குளோரினை எடுத்துவிட்டு ஹைட்ரஜனை வைத்தால் அது குளோரோஃபார்ம். ஒரு கயிறு தளர்ந்தவுடன் பந்தக்கால் சாய்வதுபோல, குளோரோஃபார்முக்கு முனைவு வந்துவிடுகிறது. பிணைப்பில் முனைவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வரக் கூடாது என்பதற்கு இதுதான் சாட்சி.

எண்ணெயைத் தண்ணீர் விரட்டுவதில்லை!

இப்போது வேப்பெண்ணெய்க்கு வரலாம். வேப்பெண்ணெயில் ஒலியிக் அமிலம் அதிகம். மூன்று ஒலியிக் அமிலம் சேர்ந்த ஒரு கொழுப்பு மூலக்கூறில் 57 கார்பன்களும் 104 ஹைட்ரஜன்களும் 6 ஆக்சிஜன்களும் இருக்கின்றன. அந்த ஆறு ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் கொஞ்சம் முனைவு உண்டு. ஆனால், மூன்று நீளமான வால்கள் முழுக்கக் கார்பனும் ஹைட்ரஜனும். அங்கே இழுபறியே இல்லை. தண்ணீர் பிடித்துக்கொள்ள அந்த வாலில் ஒரு பிடியும் கிடையாது.

தண்ணீர் எண்ணெயை வெறுத்து விரட்டுவதாக நினைக்க வேண்டியதில்லை. தண்ணீர் தண்ணீரை விடுவதில்லை, அவ்வளவுதான். கைகோத்து நிற்கும் கூட்டத்துக்குள் நுழைய வேண்டுமென்றால், நுழைபவருக்கும் கை இருக்க வேண்டும். எண்ணெய்க்கு அந்தக் கை இல்லை. குச்சியால் எவ்வளவு வேகமாகக் கலக்கினாலும், சில நிமிஷங்களில் தண்ணீர் மறுபடியும் கைகோத்துக்கொண்டு எண்ணெயை ஒதுக்கிவிடும். சேம்பு இலையிலும் தாமரை இலையிலும் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடுவதற்கும் இதுவே அடிப்படை. அந்த இலைகளின் மேல் இருக்கும் மெழுகும் எண்ணெய் வம்சம்தான்.

இரண்டு பக்கமும் உறவுள்ள சோப்பு!

சோப்பு மூலக்கூறுக்கு ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு. தலையில் மின்சுமை இருப்பதால் அது தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். வால் கார்பனும் ஹைட்ரஜனுமாக நீண்டிருப்பதால் எண்ணெய்க்குள் புகுந்துகொள்ளும். எண்ணெய்த் துளியைச் சுற்றி ஆயிரக்கணக்கான சோப்பு மூலக்கூறுகள் வாலை உள்ளே விட்டு, தலையை வெளியே நீட்டி நிற்கும். தண்ணீருக்கு வெளியே தெரிவது தலைகள் மட்டும்தான். அதனால், அந்தத் துளியைத் தனக்குள் வைத்துக்கொள்கிறது. கலவை பால்போல் வெளுப்பது, எண்ணெய் பொடித் துளிகளாகப் பிரிந்து பரவிவிட்டது என்பதற்கு அடையாளம்.

ஆகவே, கலக்கும் வரிசை முக்கியம். காதி சோப்பைச் சீவி, கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கரைசலை முதலில் வேப்பெண்ணெயோடு சேர்த்து நன்றாக அடித்துக் கலக்க வேண்டும். அதன் பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். 3 சதவிகிதக் கரைசலுக்கு 10 லிட்டருக்கு 300 மில்லி எண்ணெய் என்பது சரியான அளவுதான். சோப்பு போதுமா என்று பார்க்க, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலவையைச் சில சொட்டுகள் விட்டுப் பார்க்கலாம். பால்போல் கரைந்து பரவினால் சரி. மேலே மஞ்சள் வளையம் கட்டினால், சோப்பு பற்றவில்லை. கலந்ததை அன்றைக்கே, மாலை வெயில் தாழ்ந்த பிறகு, டேங்க்கை இடையிடையே குலுக்கித் தெளித்துவிட வேண்டும். முதல்முறை தெளிப்பவர்கள் நான்கைந்து செடிகளில் தெளித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு மொத்தத்துக்கும் போவது நல்லது.

போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் இன்னொரு சிக்கல் வரும். அதில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பின் தலையைப் பிடித்துக்கொண்டு, திரிந்த பால்போல் திப்பித் திப்பியாக்கிவிடும். தலை போன சோப்பு தண்ணீரோடு சேராது. நுரை வராத தண்ணீரில் எவ்வளவு சோப்பு போட்டாலும் வீண். அப்படிப்பட்ட இடங்களில் மழைநீரோ, நல்ல தண்ணீரோ இருந்தால் அதில் கலக்க வேண்டும்.

வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு மட்டும் வெறும் தண்ணீரே போதுமாக இருக்கிறதே, எப்படி? பூச்சியைத் தடுக்கும் அசாடிராக்டின் மூலக்கூறில் ஆக்சிஜன்கள் நிறைய. அதனால், அதற்குக் கொஞ்சம் முனைவு உண்டு. தண்ணீரில் ஓரளவு கரையும். லிட்டருக்கு 50 கிராம் வீதம் இடித்த பருப்பைத் துணியில் கட்டி இரவு முழுக்க ஊறவைக்கும்போது, தண்ணீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்கிறது. அங்கேயும் கடைசியில் சோப்பு சேர்ப்பது, மெழுகு இலையில் கரைசல் உருண்டு ஓடாமல் ஒட்டிப் பரவுவதற்காக.

கடையில் வாங்கும் மருந்தின் லேபிளில் இருக்கும் எழுத்துகளும் இதையே சொல்கின்றன. இ.சி. என்றிருந்தால், மருந்து எண்ணெய் போன்ற திரவத்தில் கரைந்திருக்கிறது. கூடவே கலக்கும் பொருளும் இருக்கிறது. தண்ணீரில் ஊற்றினால் பால்போல் வெளுக்கும். எஸ்.எல். என்றிருந்தால், தண்ணீரில் கரையும் மருந்து. கரைசல் தெளிவாகவே இருக்கும். டபிள்யூ.பி. என்றிருந்தால், நனையும் தூள். அது கரைவதில்லை, மிதந்துகொண்டிருக்கும். டேங்க்கைக் குலுக்காவிட்டால் அடியில் தங்கி, முதல் வரிசைக்கே அதிகம் போய்விடும்.

தாத்தா தட்டிய பவுடர்!

‘ஒரு பூச்சி நிக்காது’ என்று தாத்தா பெருமையாகச் சொன்ன பி.எச்.சி. பவுடரிலும் வடிவத்தின் விளையாட்டுத்தான் இருந்தது. அதன் சரியான பெயர் ஹெக்சா குளோரோ சைக்ளோ ஹெக்சேன். ஆறு கார்பன் சேர்ந்த ஒரு வளையம். ஒவ்வொரு கார்பனிலும் ஒரு குளோரின், ஒரு ஹைட்ரஜன். மைக்கேல் ஃபாரடே 1825-ம் ஆண்டிலேயே இதைத் தயாரித்துவிட்டார். பூச்சியைக் கொல்லும் என்பது தெரிய வந்ததெல்லாம் நூறு வருஷத்துக்குப் பிறகு.

ஆறு குளோரினும் வளையத்தின் மேலே நிற்கிறதா, கீழே நிற்கிறதா என்பதைப் பொறுத்து இதில் பல வகைகள் உண்டு. அணுக்கள் அதே, பிணைப்புகள் அதே. நிற்கும் திசை மட்டும் வேறு. காமா வகைதான் பூச்சியைக் கொல்வது. லிண்டேன் என்று சொன்னது அதைத்தான். தொழிற்சாலையிலிருந்து வந்த சரக்கில் அது ஏறக்குறைய 10 முதல் 15 சதவிகிதம் மட்டும். மீதியில் பெரும்பகுதி ஆல்ஃபா வகை. கொஞ்சம் பீட்டா வகை. பூச்சிக்கு ஆகாத அந்த மீதியும் சேர்ந்துதான் நெல்லிலும் நிலக்கடலையிலும் விழுந்தது.

பீட்டா வகையில் ஆறு குளோரினும் மேல், கீழ், மேல், கீழ் என்று மாறி மாறி, வளையத்தைச் சுற்றி வெளிநோக்கி நிற்கின்றன. எதிரெதிர் குளோரின்கள் ஒன்றின் இழுப்பை மற்றொன்று அடித்துவிடுகின்றன. முனைவு பூஜ்யம். காமா வகையில் அப்படி முழுதாக அடிபடுவதில்லை. அதற்கு முனைவு உண்டு.

தண்ணீரில் சரியாகக் கரையாத இந்த வகைகள் எல்லாமே உடலுக்குள் போனால் கொழுப்பைத் தேடிப் போகும். தண்ணீரில் கரைவதாக இருந்தால் சிறுநீரோடு போயிருக்கும். வைக்கோலில் விழுந்தது மாட்டுக்குப் போகும்; மாட்டிலிருந்து பாலின் கொழுப்புக்குப் போகும்; பாலிலிருந்து பிள்ளைக்குப் போகும். தாய்ப்பாலிலும் இது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. லிண்டேனை உடல் சீக்கிரமே உடைத்து வெளியேற்றிவிடுகிறது. பீட்டா வகையில் குளோரின்கள் நிற்கும் திசையால், உடலின் நொதிகளுக்கு அதை உடைக்க வாகான இடம் கிடைப்பதில்லை. மனித உடலில் அது பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்தியாவில் பி.எச்.சி. 1997-ம் ஆண்டு தடை செய்யப்பட்டது. ஆல்ஃபா, பீட்டா, லிண்டேன் மூன்றும் 2009-ம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டன. அதன் பிறகு இந்தியாவில் லிண்டேனும் நின்றுபோனது.

பேத்தி இதையெல்லாம் சொல்லி முடித்தபோது தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. “கையிலயே அள்ளித் துணியில கட்டித் தட்டுனமே அம்மிணி. அப்ப யாரும் இதச் சொல்லலையே” என்றார். சொல்லியிருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத ஒரு வளையத்தில் குளோரின் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது குடும்பத்தின் பாலில் வந்து சேரும் என்று யார் நம்பியிருப்பார்கள்?

கத்திரித் தோட்டத்தில் கருகிய வரிசைகள் போனது போனதுதான். மற்ற வரிசைகளுக்கு அந்தப் பெண் வேப்பெண்ணெயையே மறுபடி தெளித்தார்; இந்த முறை சோப்போடு, டம்ளரில் சோதித்துவிட்டு. எட்டு நாள் இடைவெளியில் இரண்டு தெளிப்பு தேவைப்பட்டது. பறிப்பு ஒரு வாரம் தள்ளிப்போனது, காய் வந்தது.

ஒரு மருந்தை வயலுக்குக் கொண்டுபோகும் முன்பு, ‘இது பூச்சியைக் கொல்லுமா?’ என்று எல்லோரும் கேட்கிறோம். கூடவே, ‘இது தண்ணீரோடு போகுமா, கொழுப்போடு தங்குமா?’ என்றும் கேட்டுப் பழக வேண்டும். டேங்க்கில் எப்படிக் கலப்பது, மழையில் எங்கே போகும், உடம்பில் எவ்வளவு நாள் இருக்கும் என்பதற்கெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள்தான் பாதிப் பதில் இருக்கிறது.